மோர்க்காரி பாவாயியும் பேச்சை விட்ட நாயும்

நாய்களுக்கு வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பனங்காட்டுப்பேட்டை என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. ஆறு தெரு, ஒரு சந்தைத் திடல், அவ்வளவுதான் ஊர். அப்போது மாடும் பேசும், காக்கையும் பேசும். ஆனால் மாட்டுக்குப் பேசச் சோம்பல். காக்கை சொல்வதை யாரும் நம்புவதில்லை. நாய்தான் ஓயாமல் பேசும், பார்த்ததைப் பார்த்தபடி பேசும். யார் வீட்டுக் குழம்பில் எத்தனை துண்டு கருவாடு கிடந்தது என்பது அடுத்த தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் நாய்களின் புண்ணியத்தில்தான்.

அந்த ஊரில் பாவாயி என்று ஒரு மோர்க்காரி இருந்தாள். ஐம்பது வயது இருக்கும், ஒண்டிக்கட்டை. ஓர் எருமையும் செவலை என்று ஒரு நாயும்தான் அவளுக்கு எல்லாம். காலையில் சும்மாட்டின் மேல் மோர்ப்பானையை ஏற்றிக்கொண்டு ஆறு தெருவும் சுற்றி வருவாள். மோருக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு கம்போ சோளமோ போடுவார்கள். செவலை அவள் காலை ஒட்டியே நடக்கும். நடக்கும்போது என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வரும். இரண்டு பேரும் நாள் தவறாமல் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஊருக்கே மண்டை குடைந்தது.

விஷயம் இதுதான். பாவாயிக்கு இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. எதிரே நிற்பது ஆளா, மரமா என்று தெரியாது. செவலைதான் வழி சொல்லும்.

"பீச்சாங்கைப் பக்கம் கல்லு கிடக்குதுக்கா. இன்னும் ரெண்டு எட்டுல ஒரு பள்ளம், சோத்தாங்கைப் பக்கமா ஒதுங்கிக்கோ."

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கோணும்டா" என்று பாவாயி அடிக்கடி சொல்வாள். "ஊருக்குத் தெரிஞ்சா என்ற பொழப்பு போச்சு."

"நான் எதுக்குக்கா சொல்லப் போறேன்?" என்றது செவலை. சொன்னபோது அது மனசாரத்தான் சொன்னது.

எண்ணெய்க்காரத் தெருவில் நாச்சியம்மா என்று ஒருத்தி. ஊரில் ஊசி விழுந்தால்கூட, அதன் காது எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பொல்லாதவள் இல்லை, அடங்காத ஆசை, அவ்வளவுதான். நயமாகக் கேட்டுப் பார்த்தாள், செவலை வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் வேறு மாதிரி கேட்டாள்.

"உன்னய மாதிரி வேலைவெட்டி இல்லாத நாய் இந்த ஊர்லயே இல்லடா. பொழுதன்னிக்கும் பாவாயி பின்னாலயே சுத்தறயே, வெக்கமா இல்ல?"

செவலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நானா பின்னால சுத்தறேன்? நான் வராட்டி அக்காவால ஒரு எட்டு வெக்க முடியாது. அவளுக்குக் கண்ணே நான்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் இங்கே வாய் நாயுடையது, கெட்டது பாவாயியின் பிழைப்பு.

பொழுது சாய்வதற்குள் நாச்சியம்மா வாயால் சேதி ஆறு தெருவும் போனது. மறுநாள் "மோரு, மோரேய்!" என்று பாவாயி கூவியபோது ஒரு கதவும் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். கொண்டுபோன பானை அப்படியே திரும்பி வந்தது. புளித்துப்போன மோரை வீட்டுக் கொல்லையில் கொட்டினாள். மூன்றாம் நாள் அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவள் செவலையை அடிக்கவில்லை.

"என்ற வாயில மண்ணள்ளிப் போட்டுட்டயேடா" என்றாள். "செவ்வாய்க்கிழமை சந்தையில எருமைய வித்துப்போட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிர்றேன். அவன் பொண்டாட்டி உன்னய வாசல்ல சேர்க்க மாட்டா. என்னய மட்டும் சேர்ப்பாளா, என்னமோ."

செவலை அவள் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. கறந்து, பழக்கத்தில் மோரும் கடைந்து முடித்துப் பாவாயி எருமையின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கத் தடவிக்கொண்டிருந்தாள். செவலை எழுந்து பொதுக்கிணற்றுக்கு ஓடியது. ஆறு தெருப் பெண்களும் அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா மோர ரெண்டு தரம் துணியில வடிகட்டித்தான் கொண்டாறா" என்று செவலை கத்தியது. "கண்ணுதான் மங்கிப் போச்சு, கை மங்கல. ஏன் வாங்க மாட்டேங்கறீங்க?"

நாச்சியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். அவளுக்கும் இத்தனை நாளாக உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"மோர்ல ஒரு குத்தமும் இல்லடா. உன்ற வாய்தான் குத்தம். நீ இல்லாம அவ வர முடியாது. சோறு போட்டவ சங்கதியவே சொன்னவன், எங்க வாசல்ல வந்து நின்னா எங்க சங்கதியச் சொல்ல மாட்டியா?"

செவலை நாச்சியம்மாவின் குடத்தருகே வந்தது.

"நான் பேசறத விட்டுட்டா வாங்குவீங்களா?"

"பேசாம எப்படிடா வழி காட்டுவ?" என்றாள் ஒருத்தி. "அவ விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டா அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்."

"இன்னிக்கே பார்த்துக்கோங்க. ஒரு சொட்டு சிந்தாம ஆறு தெருவும் கூட்டியாறேன்."

"ஒரு வார்த்தை பேசாம?"

"ஒரு வார்த்தை பேசாம. இந்த நிமிசத்துல இருந்து."

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. பாவாயியின் முந்தானையைப் பல்லால் பிடித்து மோர்ப்பானைப் பக்கம் இழுத்தது. "என்னடா, என்ன வேணும்? வாயத் தொறந்து சொல்லேன்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த நாச்சியம்மாதான் நடந்ததைச் சொன்னாள்.

பாவாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செவலையின் தலையைத் தடவித் தடவி அழுதாள்.

"எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசிப்போட்டு விட்டிருக்கக் கூடாதாடா?"

செவலை அவள் கையை நக்கியது. அதற்கு வேறு பதில் அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது எருமைக் கயிறு அவள் கையில்தான் இருந்தது. அதன் ஒரு முனையைச் செவலையின் கழுத்தில் தளர்வாகக் கட்டினாள். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நாச்சியம்மா மோர்ப்பானையைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள்.

செவலை முன்னால் நடந்தது. கயிறு விறைப்பாக இருந்தால் நடக்கலாம் என்று பாவாயி புரிந்துகொண்டாள். தொய்ந்தால் நிற்க வேண்டும். கல் கிடக்கும் இடத்தில் செவலை நிற்கும், திரும்பி அவள் நின்றுவிட்டாளா என்று முகத்தைப் பார்க்கும், பிறகு ஒதுங்கி நடக்கும். முதல் தெருவைத் தாண்டுவதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இப்படி ஒரு நடையை அவர்கள் பார்த்ததே இல்லை. பானையையும் நாயின் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

ஐந்தாவது தெரு முனையில் சந்தைக்குப் போகும் மாட்டுவண்டி ஒன்று திருப்பத்தில் திடீரென்று வந்துவிட்டது. செவலை நின்றது, கயிறு தொய்ந்தது. ஆனால் நடந்த வேகத்தில் பாவாயி ஒரு காலை முன்னால் எடுத்துவிட்டாள். "நில்லுக்கா!" என்பது செவலையின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் எல்லாம் போச்சு. சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள். அந்தச் சொல்லை அது மென்று விழுங்கப் பார்த்தது. விழுங்கியும் விழுங்காமல், நசுங்கிப்போய், ஒரு சத்தமாக அது வெளியே வந்தது.

"லொள்!"

பாவாயி நின்றாள். வண்டிச் சக்கரம் அவள் கால் நகத்தை ஒட்டிப் போனது. பானையில் இருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"பேசிடுச்சு!" என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

"எங்க பேசுச்சு?" என்று கூடவே வந்த நாச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருசமா ஊர்ச்சேதி கேட்டவ நான். அந்தச் சத்தத்துல என்ன சேதி இருந்துச்சு, சொல்லுங்க பார்க்கலாம்."

யாராலும் சொல்ல முடியவில்லை. ஆறாவது தெரு முடிவதற்குள் பானை காலியாகிவிட்டது. எருமை சந்தைக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் நாச்சியம்மா ஒரு மண்சட்டியில் தண்ணீர் நிரப்பித் தன் வாசலில் செவலைக்காக வைத்தாள். நாலு நாளில் ஆறு தெரு வாசலிலும் சட்டி வந்துவிட்டது. வாய் பேசாத நாய்க்குத் தண்ணீரும் சோறும் தானாக வருவதைப் பார்த்து மற்ற நாய்களும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. சந்தைத் திடல் நாய் ஒன்று மட்டும் பத்து நாள் தாக்குப்பிடித்தது. கேட்க ஆள் இல்லாமல் அதுவும் ஓய்ந்தது.

கழுத்தில் கயிறோடு தெருவில் போகும் நாய் அன்று தொட்டுத்தான் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, சட்டென்று நிற்கிறது, திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. நாயை நடக்கக் கூட்டிப் போவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். நமக்குக் கண் தெரியும் என்று அதனிடம் இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை.