வலப்பக்கம் திறந்த கதைப்புத்தகங்கள்

சங்குத்துறையில் கப்பல் வணிகத்துக்காக வந்து அங்கேயே தங்கிவிட்ட யூதக் குடும்பங்கள் சில இருந்தன. அவர்களுடைய தொழுகைக்கூடத்தை ஒட்டி ஒரு சிறிய நூலகம் இருந்தது. அதைப் பெருக்கி, புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவது எலியேசரின் வேலை. அவருக்கு மனைவி மக்கள் இல்லை. பின்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். எபிரேயமும் தெரியாது, தமிழும் படிக்க வராது. மற்றவர்கள் வேதத்தை வாய்விட்டுப் படிக்கும்போது கடைசி வரிசையில் நின்று ஆமென் மட்டும் சொல்வார். அந்த ஆமெனை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

வேதநூல் கை தவறி விழுந்துவிட்டால் எடுத்து முத்தமிட்டு வைப்பது அவர்கள் வழக்கம். எலியேசர் விழாத புத்தகத்தையும் முத்தமிடுவார். சமையல் புத்தகம், துப்பறியும் கதை, பழைய பஞ்சாங்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான்.

சனிக்கிழமை மதியம் நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். அதில் சிம்ஹா அம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

“ஏன் எலியேசர் மாமா, கத்தரிக்காய்க் குழம்புக்குமா முத்தம்?”

“எதுல ஆண்டவரைப் பத்தி எழுதியிருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒண்ணை விட்டுட்டேன்னா?”

“விட்டுட்டா கத்தரிக்காய் கோவிச்சுக்கும்!”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

கார்த்திகை மழையில் ஒரு வாரம் கூரை ஒழுகி இரண்டு அலமாரிகள் நனைந்துவிட்டன. இறைவனின் திருப்பெயர் எழுதிய நூல் நைந்துபோனால் அவர்கள் அதை எரிக்கவோ எறியவோ மாட்டார்கள். மனிதரைப்போலக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். நூலகப் பொறுப்பில் இருந்த ரூபேன் அவசரமாக வெளியே கிளம்பும்போது சொன்னார்: “நைஞ்சுபோன வேதப் புத்தகத்தை அடக்கம் பண்ணிடுங்க. மத்ததைக் காயப் போடுங்க.”

எபிரேய நூல்கள் வலப்பக்கம் திறக்கும், தமிழ் நூல்கள் இடப்பக்கம் திறக்கும். எலியேசருக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை அவர் நனைந்தவற்றில் வலப்பக்கம் திறந்ததையெல்லாம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தார்.

மறுநாள் வாசகர் வட்டம் கூடியபோது, அவர்கள் வாசிக்க வேண்டிய நாவலின் ஆறு பிரதிகளையும் காணவில்லை. விசாரித்ததில் உண்மை தெரிந்தது. தொழுகைக்கூடத்து நூல்களையே கட்டிக் கட்டிப் பழகிய பைண்டர், அந்தத் தமிழ் நாவல்களுக்கும் அட்டையை வலப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் போட்டிருந்தார். அவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தபடி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“காதல் கதைக்குக் கல்லறை கட்டிட்டாரு மாமா!” என்றார் சிம்ஹா அம்மாள்.

ரூபேன் சிரிக்கவில்லை. “விளையாட்டா இது? நாளைக்குள்ள ஆறும் திரும்பி வரணும். இல்லேன்னா நூலகத்தை வேற ஆள் பார்த்துக்கட்டும். நீங்க ஒதுங்கிக்குங்க.”

எலியேசர் தலை குனிந்து நின்றார். அலமாரிகளைத் தொட முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவர் அச்சம். படிக்கத் தெரியாத அவருக்கு வேறு வழிபாடு எது?

ஞாயிறு காலை கல்லறைத் தோட்டத்தின் மேல் வானம் கறுத்திருந்தது. மழை பிடித்தால் குழியில் உள்ளதெல்லாம் கூழாகிவிடும். ரூபேன் மண்வெட்டியை நீட்டினார்.

“வேண்டாம் தம்பி. வேதமும் கூடவே கிடக்கு. வெட்டு பட்டுடும்.”

“கையால தோண்டினா சாயங்காலம் ஆயிடும்.”

“ஆகட்டும். தப்பு பண்ணினது நான். ஆண்டவருக்கு எதுக்கு வலிக்கணும்?”

அவர் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினார். சரளை மண்ணில் நகங்கள் பிய்ந்தன. வெளியே எடுத்த ஒவ்வொரு நூலையும் வேட்டியால் துடைத்து முத்தமிட்டு வைத்தார். நாவல்கள் ஒவ்வொன்றாக ஐந்து கிடைத்தன. பெருந்தூறல் விழத் தொடங்கியபோது அவர் இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

“இதுதானா பாருங்க தம்பி.”

ரூபேன் வாங்கிப் பிரித்தார். அது நாவல் இல்லை, ஒரு சிறிய ஜெபப் புத்தகம். யார் எப்போது கொண்டுவந்து மேல்தட்டில் வைத்தார்களோ தெரியாது. சுற்றிலும் எல்லாம் ஊறியிருக்க, அதன் கடைசித் தாள் மட்டும் நனையாமல் இருந்தது. அதில் தமிழில் எழுதியிருந்தது: ‘ரூபேனின் தாய் லேயா, கிஸ்லேவு மாதம் பதினான்காம் நாள் இறைவனடி சேர்ந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது.’

ரூபேன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தாய் இறந்த நாளில் ஆண்டுதோறும் பிள்ளைகள் விளக்கேற்ற வேண்டும். கொள்ளைநோயில் வீட்டாரெல்லாரும் போய்விட்டதால், அவருக்கு அந்த நாளைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஏதோ ஒரு நாளில் உத்தேசமாக ஏற்றிவந்தார்.

“என்ன தம்பி, கிழிஞ்சிருக்கா?” என்று எலியேசர் பதறினார்.

“இல்ல மாமா. எங்கம்மா.”

பிறகு ரூபேனும் குழிக்குள் இறங்கினார். ஆறாவது நாவலை இருவருமாகத் தேடி எடுத்தார்கள். மற்ற வேதநூல்களைத் திரும்பவும் துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள்.

கிஸ்லேவு பதினான்கு அந்த வாரத்துச் சனிக்கிழமையாகவே அமைந்தது. தாயின் நினைவாக வேதச்சுருள் பேழையின் திரையை விலக்கும் பேறு அன்று ரூபேனுக்கு உரியது. அவர் எழுந்தார். ஆனால் பேழைக்குப் போகாமல் கடைசி வரிசைக்கு வந்து எலியேசரின் முன் நின்றார்.

“வாங்க மாமா. நீங்க திறங்க.”

“ஐயையோ, நானா? எனக்குப் படிக்கவே வராதே.”

“திரையை இழுக்கப் படிப்பு எதுக்கு?”

“கையெல்லாம் புண்ணா இருக்கு தம்பி. பட்டுத்திரையில கறை படும்.”

“படட்டும் மாமா.”

பெண்கள் பகுதியில் சிம்ஹா அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எலியேசர் நடந்து போய், காயம்பட்ட கைகளால் திரையை விலக்கினார். வேதச்சுருள்கள் தெரிந்ததும் சபை முழுவதும் எழுந்து நின்றது.

ஓர் எழுத்தும் அறியாமல் எல்லா எழுத்தையும் நேசித்தவர் எலியேசர். அன்று பேழையருகே அவரை இறைவனே பெயர் சொல்லி அழைத்தார் என்றே அடியேன் நம்புகிறேன்.