செண்பகவல்லியின் பெயரில் ஒரு வரி

இந்தக் கதையில் சீடருக்கு நாற்பத்தாறு வயது, குருவுக்கு முப்பத்தெட்டு. இருவருக்கும் சிறுசேரியில் ஒரே மென்பொருள் கம்பெனியில், ஒரே மாடியில் வேலை.

சீடர் தணிகாசலம் புரோகிராம் எழுதுபவர். குரு ரெஜினா அதைச் சோதித்துப் பார்ப்பவர். குரு என்று தணிகாசலம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எங்கே சிக்கிக்கொண்டாலும் அவர் கால் தானாக ரெஜினாவின் மேஜைக்குத்தான் போகும். ரெஜினா ஸ்கிரீனைப் பார்க்க மாட்டார். "முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்பார். சொல்லச் சொல்ல, பாதியிலேயே சொல்பவருக்குக் கோளாறு பிடிபட்டுவிடும்.

தணிகாசலத்துக்கும் கருவிகளுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. புரோகிராம் எழுதும் எடிட்டரை அப்டேட் செய்தால் நேற்றுவரை இருந்த பட்டன் காணாமல் போயிருக்கும். ஒரு கமாவை மாற்றினாலும் மொத்தமும் ஓடி முடிய பதினொரு நிமிஷம். ஓடி முடிந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் சிவப்பாக எதையாவது காட்டும். பத்து வருஷத்தில் ஏழு எடிட்டர் மாற்றிவிட்டார் மனிதர். ஒன்றும் உருப்படியில்லை என்பது அவர் தீர்ப்பு. பாவம், ஏழுக்கும் வாய் இல்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் வந்தபோது அவர் முகம் இருண்டு கிடந்தது.

"மேடம், வரிக்கு வரி பேர் காட்டுற கருவி இருக்கே, அது சுத்தப் பொய்."

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்."

கம்பெனி ஒரு ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. யாருக்கு எந்த நாளில் டயாலிசிஸ் என்று அதுதான் முறை போடும். மெஷின் பழுதானால் அன்றைய ஆட்களை மறுநாளுக்குத் தள்ளும். தள்ளுகிற அந்த ஒரு வரியில் பிசகு. முப்பத்தொன்று உள்ள மாதத்திலும் முப்பதாம் தேதிக்கு மறுநாள் ஒன்றாம் தேதிதான் என்று அது நம்பிக்கொண்டிருந்தது. போன மாதம் முப்பதாம் தேதி மெஷின் நின்றது. செய்யாறு பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு மறுநாள் வரவேண்டிய அழைப்பு வரவில்லை. ஒன்றாம் தேதி அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இன்னும் ஐ.சி.யூவில் இருக்கிறார்.

எழுதியவரை வேலையிலிருந்து எடுத்தாக வேண்டும் என்றது ஆஸ்பத்திரி.

அந்த ஆபீஸில் கோளாறு என்றால் முதல் வேலை, எந்த வரியை யார் எழுதினார் என்று பேர் காட்டும் கருவியை ஓட்டிப் பார்ப்பதுதான். திங்கட்கிழமை மீட்டிங்கில், எட்டுப் பேர் முன்னால், மேனேஜர் அதைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். அந்த வரிக்கு எதிரே, தணிகாசலத்தின் டீமிலேயே வேலை செய்யும் செண்பகவல்லியின் பேர் இருந்தது.

"அவங்க எழுதலையா?" என்றார் ரெஜினா.

"எழுதலை. வரிக்கு முன்னாடி இருக்கிற இடைவெளியைச் சீராக்குற ஃபார்மேட்டர் ஒண்ணு இருக்குல்ல, அதைப் பழைய ஃபைல் எல்லாத்துலயும் அவங்க ஓட்டிவிட்டாங்க. மார்ச் மாசம். ஒரு எழுத்துகூட மாத்தலை. ஆனா கடைசியா தொட்டவங்க பேரைத்தான் இந்தக் கருவி காட்டும்."

"ஓட்டச் சொன்னது யாரு?"

"நான்தான். எனக்கு வேலை இருந்துச்சு, அதனால அவங்ககிட்ட தள்ளிவிட்டேன்."

"அப்புறம்?"

"மீட்டிங்ல அவங்க, இதை எழுதின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையே சார்னாங்க. மேனேஜர், அப்போ மெஷின் பொய் சொல்லுதானு கேட்டார். கொஞ்ச நேரம் சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், இருக்கலாம் சார், எழுதியிருப்பேன்னு சொல்லிட்டாங்க."

தணிகாசலம் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

"எவ்வளவு மோசமான கருவி பாருங்க மேடம். எழுதாதவங்களையே எழுதினேன்னு நம்ப வச்சிருச்சு."

"இடைவெளியைக் கணக்குல எடுக்காம அதை ஓட்ட முடியாதா?"

"முடியும். கூட ஒரு எழுத்து சேர்த்துத் தட்டினா போதும்."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யார் பேர் வந்துச்சு?"

பக்கத்து வரிசையில் யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்துக்கு வந்து சேருவோம் என்று தெரிந்தேதான் வந்தாரா, தெரியாமல் வந்தாரா என்று தணிகாசலத்துக்கே விளங்கவில்லை.

"என் பேர்" என்றார்.

"எப்போ பார்த்தீங்க?"

"திங்கக்கிழமை."

"மீட்டிங் முடிஞ்சப்புறமா?"

"முன்னாடி."

ரெஜினா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பையன் பிளஸ் டூ படிக்கிறான், இந்த வயசில் வெளியே போனால் யார் எடுப்பார்கள் என்று திங்கட்கிழமை தனக்குத் தானே சொல்லிக்கொண்டதையெல்லாம் இப்போது இவரிடமும் சொல்லப் பார்த்தார்.

"இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது மேடம்?" என்றார் கடைசியில். "அவங்க நேத்தே ராஜினாமா பேப்பர் போட்டுட்டாங்க. நல்லா வேலை தெரிஞ்சவங்க, ரெண்டு மாசத்துல வேற இடம் கிடைச்சிடும். மறந்துடுவாங்க."

ரெஜினா முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க சார். காலைல என்கிட்ட வந்து சொன்னாங்க. ஐ.சி.யூ வாசல்ல அந்தப் பெரியவரோட சம்சாரம் உட்கார்ந்திருந்தாங்களாம். அதை எழுதினது நான்தாம்மான்னு சொல்லி, அவங்க காலைப் பிடிச்சு அழுதுட்டு வந்திருக்காங்க."