அரசி முத்திரை வைத்த பீப்பாய்

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு ராஜா ஒரு பீப்பாயைத் திறப்பதற்காகப் பத்து வருஷம் காத்திருந்தான்.

மரப்பீப்பாய். கப்பலில் வந்தது. உள்ளே திராட்சை மது. கடல் தாண்டும்போது கெட்டுப்போகாமல் இருக்க, காய்ச்சி வடித்த சாராயத்தை அதில் சேர்த்திருந்தார்கள். வந்த அன்றே ராஜாவும் அரசியும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். நெருப்பு. அரசி இருமினாள். இருமிக்கொண்டே சிரித்தாள்.

"மரத்துக்குள் பத்து வருஷம் கிடக்கட்டும் தாயே. நெருப்பு அடங்கிவிடும்" என்றான் கப்பல்காரன்.

"அப்படியானால் பத்து வருஷம் கழித்து நாம் இருவரும் குடிப்போம்" என்று அரசி ராஜாவிடம் சொன்னாள். மூடியில் அரக்கு உருக்கித் தன் மோதிரத்தால் முத்திரை வைத்தாள்.

நாலாம் வருஷம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அதன்பிறகு ராஜா சிரிக்கவில்லை. விகடகவி விடங்கனுக்கு மாதா மாதம் சம்பளம் வந்தது. வேலைதான் இல்லை.

பத்தாம் வருஷம், சொன்ன நாள் வந்தது. முத்திரை அப்படியே இருந்தது. ராஜா தன் கையால் மூடியைத் திறந்தான். மது விளிம்புக்கு வெகு கீழே கிடந்தது. செப்புக் குடங்களில் ஊற்றி அளந்தார்கள். வைத்தது நாலு குடம். இருந்தது மூன்று.

ராஜா ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை.

"யார் குடித்தது?"

பண்டாரத்து அதிகாரி கச்சிராயர் முன்னே வந்தார். விடங்கனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"பீப்பாய் இருந்த கிடங்கின் சாவி காவலன் வீரணனிடம் இருக்கிறது, மகாராஜா. கோடை மத்தியானங்களில் இந்த விகடகவியும் அங்கே போய்க் குளிர்ச்சியாக உட்கார்ந்துகொள்கிறான். திரும்பி வரும்போது அவன் மேல்துண்டு மது நாறும். நானே முகர்ந்திருக்கிறேன். குடிக்காதவன் துணி நாறுமா?"

"முத்திரை உடையவில்லையே" என்றான் விடங்கன்.

"ஊசித் துளையும் நாணல் தண்டும் போதும். உனக்கா தெரியாது?"

வீரணன் தரையில் விழுந்தான். "சாமி, என் பிள்ளைகள் மேல் ஆணை. நான் தொட்டதே இல்லை."

ராஜா அவனைப் பார்க்கவில்லை. வெறும் பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாளை உச்சிவேளைக்குள் திருடனைக் களவுப்பொருளோடு என் முன்னால் நிறுத்து, விடங்கா. தவறினால் உங்கள் இருவர் தலையும் போகும்."

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலையிலிருந்து கிடங்கைக் கச்சிராயரே காக்கட்டும். உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு. என்னை நம்ப முடியாதல்லவா?"

"முடியாதுதான்" என்றார் கச்சிராயர், மிகுந்த சந்தோஷத்துடன்.

மறுநாள் உச்சிவேளை. விடங்கன் பீப்பாயைக் கயிற்றால் கட்டி, வீரணனோடு சேர்ந்து சபைக்கு இழுத்து வந்தான்.

"திருடன், மகாராஜா."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "விளையாடுகிறாயா?"

"திருடனுடைய வாயை முகர்ந்து பாருங்கள்."

ராஜா குனிந்து முகர்ந்தான். நிமிரச் சற்று நேரமாயிற்று.

விடங்கன் உளியை எடுத்து மூடிப் பலகையை நீளவாட்டில் பிளந்தான். வெளிப்பக்கம் வைக்கோல் நிறம். உள்பக்கம் ஒரு விரல் கனத்துக்கு வெற்றிலைக் கறைபோலச் சிவந்திருந்தது.

"களவுப்பொருள், மகாராஜா. இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது."

கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்த கச்சிராயர் உரக்கச் சொன்னார்: "ஒரு விரல் மரம் ஒரு குடம் குடிக்குமா? மீதி எங்கே?"

"உங்கள் மேல்துண்டில்."

ராஜா கையை நீட்டினான். கச்சிராயர் துண்டைக் கொடுத்தார். ராஜா அதை மூக்கருகே கொண்டுபோனான்.

"நீரும் குடித்தீரா, கச்சிராயரே?"

"ஐயையோ! காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தேன், மகாராஜா. அங்கே காற்றே அப்படித்தான் நாறுகிறது!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"மரம் குடிக்கிறது" என்றான் விடங்கன். "குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குக் கொடுக்கிறது. பத்து வருஷமாக."

ராஜா வீரணனுக்கும் விடங்கனுக்கும் சொன்ன தண்டனையை ரத்துசெய்தான். பிறகு பீப்பாயைக் காட்டினான். "எங்கள் இருவருக்காக அவள் வைத்தது. அதில் கைவைத்தது எதுவானாலும் குற்றம்தான். உடைத்து அடுப்பில் போடுங்கள்."

"தீர்ப்புக்கு முன் ஒரு சாட்சி இருக்கிறது, மகாராஜா."

விடங்கன் கொண்டுவந்தது ஒரு பீங்கான் சாடி. பீப்பாய் வந்த அன்று குடித்துப் பார்க்க எடுத்ததில் மிஞ்சிய மதுவை அன்றே அதில் ஊற்றி அடைத்திருந்தார்கள். மூடியில் அதே மோதிரத்தின் முத்திரை. ராஜா முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான். அரக்கு உடைந்துவிடாமல் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்தான்.

"அதே மது. அதே கிடங்கு. இந்தச் சாடி ஒரு துளியும் திருடவில்லை."

ராஜா ஒரு வாய் குடித்தான். நெருப்பு. இருமினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது."

"ஆமாம், மகாராஜா. இதிலிருந்து ஒன்றும் வெளியே போகவில்லை. இதற்குள் ஒன்றும் வரவும் இல்லை."

பிறகு விடங்கன் செப்புக் குடத்திலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தான். ராஜா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"தனியாகவா?" என்றான்.

பக்கத்தில் அரசியின் காலி ஆசனத்தைப் பார்த்தான். குடித்தான்.

நெருப்பு இருந்தது, ஆனால் அடுத்த ஊர் விளக்கைப்போலத் தூரத்தில் இருந்தது. முன்னால் உலர்ந்த திராட்சை வந்தது. வெல்லப்பாகு வந்தது. வறுத்த எள்ளின் வாசனை. கடைசியில் மழையில் நனைந்த மரம். விழுங்கிய பிறகும் நாக்கைவிட்டுப் போகவில்லை.

"ஒரு குடம் எடுத்தது. மூன்று குடத்துக்கும் இதைக் கொடுத்தது" என்றான் விடங்கன். "தண்டனையைத் தாங்கள்தான் சொல்லவேண்டும்."

"நாலில் ஒன்று" என்று ராஜா முணுமுணுத்தான். மறுபடியும் சொல்லிப் பார்த்தான். "அவள் எதையும் கால் கிண்ணத்துக்கு மேல் குடிக்கமாட்டாள், விடங்கா. மீதியை என் கிண்ணத்தில் ஊற்றிவிடுவாள்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆறு வருஷத்துச் சிரிப்பு. வீரணன் பயந்து இரண்டு அடி பின்னால் போனான்.

"என்ன வேண்டும், கேள்."

"வெறும் பீப்பாய், மகாராஜா."

"அது எனக்கு வேண்டும். மதுவைத் திரும்ப அதில்தான் ஊற்றப்போகிறேன்."

"அப்படியானால் சாடி."

"அதுவும் எனக்கு வேண்டும்."

"கோடை மத்தியானங்களில் கிடங்கில் உட்கார அனுமதியாவது கொடுங்கள். திரும்பி வரும்போது கச்சிராயர் முகரக்கூடாது."

ராஜா மறுபடியும் சிரித்தான். அனுமதி கொடுத்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டான். வீரணனுக்குப் பொற்காப்பு கிடைத்தது. கச்சிராயருக்கு அவருடைய துண்டு திரும்பக் கிடைத்தது.

அன்று மாலை தச்சன் பீப்பாய்க்குப் புது மூடி போட்டான். மதுவை ஊற்றி மூடுவதற்கு முன் ராஜா கால் கிண்ணம் மட்டும் எடுத்து, தன் பக்கத்தில் காலியாக இருந்த ஆசனத்தின்மேல் வைத்தான். கிண்ணத்தை மூடவில்லை.

காலையில் பார்த்தபோது கிண்ணத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. யார் குடித்தது என்று ராஜா கேட்கவில்லை.