மெழுகு நூலில் சேர்ந்த தூசி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். ஒற்றையாய் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பலவாய்ச் சேர்ந்தால் ஒரு கூட்டத்தையே திசை மாற்றிவிடும். அது என்ன?

தெரியவில்லையா? கதையைக் கேளுங்கள்.

தேனீயும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பூ தேடிப் போகிறவளின் வயிற்றிலிருந்து மெழுகு நூல் நீளும். வழியில் எவ்வளவு வளைந்து சுற்றுகிறாளோ அவ்வளவு நூல். அவள் கூட்டுக்கு வந்ததும் அளவுக்காரி சடைச்சி, ஒரு முழுச் சுற்றுக்கான கோலை வைத்து அளந்து, சுற்றுச் சுற்றாக நூலை நறுக்கி எறிவாள். முழுசாய்ச் சுற்றினால் பழைய பக்கம்தானே பார்ப்போம்? ஆகவே கடைசியில் மிஞ்சும் நூல்தான் பூவின் திசை.

முழுச் சுற்றின் அளவோ கோலில் கோடு போட்டுக் குறித்துத் தீராதது. எத்தனை கோடு போட்டாலும் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். கோலில் இடம் தீர்ந்ததும் சடைச்சி, "மிச்சமெல்லாம் தூசி" என்று ஊதிவிட்டிருந்தாள். பக்கத்துப் பூக்களுக்கு அந்தக் கோலே போதுமாயிருந்தது.

ஒரு கோடையில் பக்கத்துப் பூவெல்லாம் கருகிப்போயின. கூட்டில் குஞ்சுகள் பசியால் நெளிந்தன. எல்லாருக்கும் சின்னவளான வேம்பி மலை தாண்டிப் பறந்தாள். சூறைக்காற்றில் சுழன்று சுழன்று, பூத்துக் குலுங்கும் புங்கமரம் ஒன்றைக் கண்டு வந்தாள். அவள் நூல் குவியலாய்க் கிடந்தது. சடைச்சி நறுக்கினாள், நறுக்கினாள், நறுக்கிக்கொண்டே இருந்தாள். மிஞ்சிய நூல் காட்டிய பக்கம் எல்லாரும் பறந்தார்கள். நேராக ஏரிக்குள்!

"மரத்தைப் பார்த்தாயா, கனாக் கண்டாயா?" என்று நனைந்த இறக்கைகளை உதறியபடி கேலி செய்தார்கள்.

வேம்பி நறுக்கிய துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, ஒவ்வொரு துண்டும் ஒரு தூசி குறைச்சல். அத்தனை தூசியும் கடைசி நூலில் வந்து சேர்ந்துவிட்டது!"

"அடியாத்தி! பாதிச் சுற்றே மாறிப்போச்சே!" என்றாள் சடைச்சி. "இரு, அந்தத் தூசிக்கென்று ஒரு குட்டிக்கோல் செய்கிறேன்."

"அதிலும் தூசி மிஞ்சுமே?"

"அதற்கும் ஒரு குட்டி!"

"கோல் குட்டி போட்டு முடிப்பதற்குள் நம் குஞ்சுகள் செத்துப்போகும், அக்கா."

புங்கமரம் சூரியனுக்கு இடப்பக்கம் இருந்தது வேம்பிக்கு நினைவிருந்தது. மேல்பக்கத்தைச் சூரியனாக வைத்து, அதிலிருந்து அதே அளவு இடப்பக்கம் சாய்ந்து தேனடையின்மேல் நேராக நடந்தாள். வலமாய் வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்தாள். மறுபடி நடந்து, இடமாய் வளைந்து வந்தாள்.

"சுற்றைச் சேர்த்தால்தானே தூசி சேரும்? ஒவ்வொரு தடவையும் புதிதாய்த் தொடங்குவோம். வலம் வளைகையில் கொஞ்சம் தவறினாலும் இடம் வளைகையில் சரிசெய்துகொள்ளலாம்."

அவள் நடந்து காட்டிய பக்கம் கூட்டம் பறந்து புங்கமரத்தை அடைந்தது. பொழுது சாய்வதற்குள் குஞ்சுகள் வயிறு நிறைந்து உறங்கின.

சடைச்சி கேட்டாள்: "இனி நீதான் அளவுக்காரி. உனக்குக் கோல் வேண்டுமா, ஆட்டம் வேண்டுமா?"

அன்று முதல்தான் தேனீ வலம் ஒன்றும் இடம் ஒன்றுமாய் ஆடி, ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. வேம்பி கோலை வாங்கிக்கொள்ளவில்லை.