ஒரு வாளி தண்ணீர்

ராமநாதபுரம் புறவழிச்சாலை ஓரத்தில் ஜரீனா மீன் சுட்டு விற்கிறார். வயது முப்பத்தெட்டு. லாரி டிரைவர் முதல் தாசில்தார் வரை எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் மீன் சுடக் கற்க வந்தவருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் குலசேகரன். தீயணைப்புத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் தீயை அணைத்தவர் இப்போது தீ மூட்டப் பழகுகிறார் என்று ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், நல்ல கட்டிக்கரி மலிவா எங்க கிடைக்கும்?"

"போன வாரம்தானே சார் ஒரு மூட்டை வாங்கிட்டுப் போனீங்க?"

"அது முக்கால்வாசி தீந்துபோச்சு. கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்குற இடத்துக்கே போய்ப் பாத்துட்டேன். மலிவா இருக்கேன்னு ஒருத்தன்கிட்ட வாங்கினா, எடை கூடுறதுக்குத் தண்ணி தெளிச்ச கரி. இன்னொருத்தன் மூட்டையில பாதி தூளு. நல்ல கரி விக்கிற விலைக்கு என் பென்ஷன் தாங்காது."

"அப்ப விடுங்க. கேஸ் அடுப்புல பொரிச்சுச் சாப்பிடுங்க."

குலசேகரன் சாலையைப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் மகன் வருவான். வீட்டுக்குள்ள உட்கார்ந்தா வாயே திறக்க மாட்டான். கொல்லையில அடுப்புப் பக்கத்துல நின்னாத்தான் என்கூட நாலு வார்த்தை பேசுவான். அடுப்பு நின்னுபோனா அவன் வர்றதும் நின்னுபோயிரும்."

ஜரீனா மீனைப் புரட்டிப் போட்டார்.

"எத்தனை மீன் சுடுவீங்க?"

"நாலு விளைமீன்."

"நாலு மீனுக்கா இவ்வளவு கரி? சுட்டு முடிச்சதும் என்ன செய்வீங்க?"

"ஒரு வாளி தண்ணி ஊத்திருவேன்."

பெருமையாகத்தான் சொன்னார்.

"கங்கு கிடக்கிற இடத்தை அப்படியே விட்டுட்டு என்னால நகர முடியாது மாஸ்டர். சர்வீஸ்ல பழகின கை."

"நாளைக்கு வரும்போது அந்தக் கரியில ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

மறுநாள் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். ஜரீனா அடுப்படியில் மூடி வைத்திருந்த மண்பானையைத் திறந்து இன்னொரு துண்டை எடுத்தார். நேற்று மீன் சுட்டு மிஞ்சிய கரி அது. கங்கோடு பானையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி அணைத்தது. இரண்டையும் நெருப்பில் வைத்தார்.

குலசேகரன் கொண்டுவந்தது படபடவென்று வெடித்தது. பிறகு புகைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் இருமிக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பானையிலிருந்து எடுத்த கரி, விசிறியைத் தேடி எடுப்பதற்குள் சிவந்துவிட்டது.

"மலிவான கரி கேட்டீங்கள்ல? உங்க கொல்லையிலதான் கிடந்திருக்கு."

குலசேகரனுக்கு ரோஷம் வந்தது.

"மூடினா தீ அணையும்னு எனக்கே பாடமா? நூறு பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கேன் மாஸ்டர்."

"சொல்லிக் கொடுத்தவர்தானே சார் வாளியைத் தூக்கினது?"

அவர் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மறக்காமல் ஒரு மண்பானை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மறுபடி வந்தார்.

"கரி என்னாச்சு சார்?"

"நீங்க சொன்ன மாதிரியே பானையில மூடி வச்சேன். இந்த வாரத்துக்கு அதுவே போதும். வாங்கவே வேண்டாம்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவன் அம்மா ஆஸ்பத்திரியில கண்ணை மூடின அன்னிக்கு நான் டூட்டியில இருந்தேன். மில்லுல தீ. போக முடியல. பத்து வருஷமா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதவன், சனிக்கிழமை அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்டான். ஏன்ப்பா நீங்க வரலைன்னு."

"என்ன சொன்னீங்க?"

"அவன் குரல் ஒசந்துச்சு. பெருசாயிருமோன்னு பயந்துட்டேன். முடிஞ்சுபோன கதையை விடுடான்னு சொல்லிட்டேன். தட்டைக் கீழ வச்சிட்டுப் போயிட்டான். கரி இருக்கு மாஸ்டர். அவன் வருவானான்னுதான் தெரியல."

அடுப்பில் மீனின் எண்ணெய் சொட்டி ஒரு சுவாலை எழுந்தது. குலசேகரனின் கை தன்னை அறியாமல் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தொட்டது. ஜரீனா அதைப் பார்த்தார். சுவாலை தானாக அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஏன் சார்," என்று கேட்டார், "பையன் கேட்டதுக்கும் வாளியைத் தூக்கிட்டீங்களே, வீடா எரிஞ்சது?"