நீட்டிய கை

மரியதங்கம் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை பழக வந்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. கற்றுக்கொடுத்த டாக்டர் ரெஹானா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்றார். சிஷ்யை குருவை "டாக்டரம்மா" என்றார். தென்காசிப் பக்கம் இதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

அதற்கு முன் மரியதங்கம் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தார். இலையைப் பார்த்தாலே அடுத்து என்ன வேண்டுமென்று அவருக்குத் தெரிந்துவிடும். சாம்பார் என்று யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கம் இங்கேயும் உதவியது. டாக்டர் கையை நீட்டுவார். கண்ணாடி வேண்டுமென்றால் கண்ணாடி, பஞ்சு வேண்டுமென்றால் பஞ்சு, கையில் வந்து உட்கார்ந்துவிடும். கேட்டு வாங்க வேண்டிய வேலையே டாக்டருக்கு இல்லை.

மரியதங்கத்துக்கு இதில் பெருமை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஒரு நாள் காலை, கருவிகளைத் தட்டில் அடுக்கியபடி கேட்டார்.

"டாக்டரம்மா, மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்பிடுதாங்க. பயிற்சி முடிஞ்சிதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எடுப்பாங்களாம். எம் மகளும் அங்கதான் படிக்கா. எப்பம் போடுவீங்க?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அக்கா."

"என்னது? சொல்லுங்க, இன்னைக்கே படிச்சிருதேன்."

டாக்டர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "மெஸ்ல நீங்க பரிமாறும்போது யாராவது போதும்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார்.

மரியதங்கம் சிரித்தார். "சொல்லுததுக்குள்ள வச்சிருவேன். இலையில வச்சிட்டா சாப்பிட்டுத்தானே ஆகணும்."

டாக்டரும் சிரித்தார். கையெழுத்தைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை. மரியதங்கத்துக்கு உள்ளுக்குள் எரிச்சல். படித்தவர்கள் ஒரு விஷயத்தை நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று முதலில் வந்தவர் தையல்கடை ஆவுடையப்பன். முன்பல்லில் வலி. நூலைப் பல்லால் கடித்தே அறுத்துப் பழகியவர்.

"பிடுங்கிப் போட்டிருங்கம்மா. தூக்கமே இல்ல."

"முன்பல்லு அண்ணாச்சி. நூலை எதால கடிப்பீங்க?"

"கத்திரிதான் இருக்கே" என்றார் ஆவுடையப்பன். கடையில் கத்திரி இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிடுங்குவதற்கும் அதில் காரணம் இருந்தது, காப்பாற்றுவதற்கும் இருந்தது. எதைச் செய்தாலும் மரத்துப்போக வேண்டுமே என்று முதலில் ஊசி போட்டாயிற்று.

டாக்டர் பல்லைப் பார்த்தார். விளக்கைச் சற்றுத் திருப்பினார். மறுபடியும் பார்த்தார். கையை நீட்டினார்.

பல் பிடுங்கும் குறடு வந்து கையில் உட்கார்ந்தது.

டாக்டரின் விரல்கள் அதன்மேல் மூடின. குறடு பல் வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. பிறகு திரும்பி வந்து தட்டில் படுத்துக்கொண்டது.

மறுபடியும் கையை நீட்டினார்.

அளவு சரியில்லையோ என்று மரியதங்கம் வேறொரு குறடு வைத்தார். அதுவும் தட்டுக்கே திரும்பியது.

கை மீண்டும் நீண்டது.

மரியதங்கம் வந்த நாளிலிருந்து இப்படி ஆனதே இல்லை. தட்டில் இருப்பதையெல்லாம் கண்ணால் துழாவினார். எதை எடுப்பதென்று தெரியவில்லை. ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பயம் அவருக்கு.

கடைசியில் மரியதங்கம் எதையும் எடுக்காமல் நின்றார். வெட்கமாக இருந்தது.

டாக்டரின் வெறுங்கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல வாய்க்குள் போயிற்று. உறை போட்ட விரல்களால் அந்தப் பல்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். பல் அசைந்து கொடுக்கவில்லை.

"இது நிக்கும் அண்ணாச்சி. வேரைச் சுத்தம் பண்ணி வச்சுக்கலாம். இன்னும் சில தடவை வர வேண்டியிருக்கும். சம்மதமா?"

ஆவுடையப்பன் தலையாட்டினார். வலி மரத்ததும் பல்மேல் ஆசை வந்துவிட்டது போலும்.

வேலை முடிந்து அவர் போனதும் மரியதங்கம் கேட்டார்.

"முதல்ல கையை நீட்டினீங்களே டாக்டரம்மா, அப்பம் உங்களுக்கு என்ன வேணும்?"

"அப்ப எனக்கே தெரியலை, அக்கா."

"தெரியாமலா நீட்டினீங்க?"

"யோசிக்கும்போது என் கை அப்படித்தான் நீளும்."

"கொறடு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"பல் வரைக்கும் கொண்டுபோயிட்டேன், பாத்தீங்கல்ல? கையில வச்சிட்டா பிடுங்கித்தானே ஆகணும்."

மரியதங்கம் தட்டை எடுத்துக்கொண்டு போனார். எந்தப் பல்லையும் பிடுங்காத அந்த இரண்டு குறடுகளையும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

மாலையில் டாக்டர் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். மேஜைமேல் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. பேனா மரியதங்கத்தின் பக்கம் கிடந்தது. டாக்டர் சான்றிதழைப் படித்தபடியே கையை நீட்டினார்.

மரியதங்கத்தின் விரல்கள் பேனாவைத் தொட்டன. தொட்டபடியே நின்றன. மதுரையும் மகளும் அந்தக் கையெழுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். எடுத்து வைத்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

கை நீண்டே இருந்தது. மரியதங்கம் காத்திருந்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேனா தாங்க, அக்கா" என்றார்.