தோற்கவும் விடாத ஆட்டம்

சுடலைக்கண்ணுவால் தோற்கக்கூட முடியவில்லை.

போனில் ஆடுகிற கார்டு ஆட்டம். வெள்ளி ரேங்கில் இருந்தார். வருகிற எதிராளி எல்லாரும் துவைத்து எடுத்தார்கள். வேண்டுமென்றே தோற்று ரெண்டு படி இறங்கினால் லேசான ஆள் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, காலையிலிருந்து ஒரு கார்டும் போடாமல் உட்கார்ந்திருந்தார். நாலு ஆட்டம் ஒழுங்காகத் தோற்றார். ஐந்தாவதாக வந்தவனும் கார்டு போடவில்லை. அவனும் தோற்க வந்தவன். ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முந்திக்கொண்டு சரணடைந்தான். இவர் ஜெயித்துவிட்டார்.

துறைமுகக் கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. உள்ளே விட இன்னும் மூன்று மணி நேரம். அவர் தன் லாரியிலிருந்து இறங்கி முன்வண்டிக்குப் போனார். அதை ஓட்டுகிறவன் குரூஸ், இருபத்து நாலு வயசு. இந்த ஆட்டத்தை இவருக்குச் சொல்லிக்கொடுத்தவன். பெயரைச் சுருக்கிக் கேலியாக 'குரு' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலி போய்விட்டது, குரு நிலைத்துவிட்டது.

நடந்ததைச் சொன்னார். குரூஸ் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாளில் எனக்கென்று இருப்பது இந்த வரிசை நேரம் ஒன்றுதான், இதிலும் வண்டி ஓட்டுகிற அலுப்பே வருகிறது, இன்றைக்கு ஒரு வழி தெரியாவிட்டால் ஆட்டத்தையே போனிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார்.

"எனக்குத் தோதான ஆள அது ஏன் குரு காட்ட மாட்டேங்குது?"

குரூஸ் கையைக் கழுவிவிட்டு போனை வாங்கினான். டெக், அதாவது ஆடுகிற கார்டு அடுக்கு, யாருடையது என்று கேட்டான். போன வருசப் போட்டியில் ஜெயித்தவனுடையது, வீடியோ பார்த்து முப்பது கார்டையும் அப்படியே அடுக்கினேன் என்றார். அதற்கு முன்னால்?

ஆமை டெக். முழுக்க ஆமைக் கார்டு. மெதுவாக வரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும், பாதி நேரம் ஏறி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

"ஜெயிச்சீங்களா?"

"பத்துல மூணு. ஒருதடவ ஏழு ஆமையும் ஏறிருச்சு. எதிர்ல இருந்தவன் கைதட்டுற பொம்மை அனுப்புனான்."

சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குரூஸ் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"அது ஆள் தேடுதது உங்களுக்கு இல்ல அண்ணாச்சி. அந்த வீடியோக்காரனுக்கு. அவனுக்குத் தோதான ஆளத்தான் சரியாக் காட்டுது. நீங்க அவன் இடத்துல உக்காந்து அடி வாங்குதீங்க."

சுடலைக்கண்ணு போனை வாங்கிக்கொண்டு, என்ன செய்யட்டும் என்றார்.

"அவன் டெக்க அழிங்க. ஆமையப் போட்டு ஆடுங்க. தோக்குறதத் தோத்துக்கிட்டே போங்க. ரேங்க் எந்த இடத்துல நிக்குதோ, உங்க ஆளுக அங்கதான் இருக்காங்க."

"வெள்ளி போயிருமே, குரு. எட்டு மாசம் ஆச்சு வாங்க."

"போகும்."

அவர் தன் லாரிக்குத் திரும்பி ஏறினார். வீடியோக்காரன் டெக்கைத் திறந்து, அழிக்கிற பொத்தானைத் தொட்டார். அழிக்கவா என்று போன் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு, அதே டெக்கோடு அடுத்த ஆளைத் தேடச் சொன்னார்.